அன்றைக்கு எங்கே இருந்தீர்கள்? அடுத்த ஒரு மணி நேரம் என்ன செய்தீர்கள்? (டெல்டாக்காரர்கள் எழுதவும்)

குடமுருட்டிக்கரை (இழையைத் தொடங்கியவர்)

டிசம்பர் 26 நெருங்கினாலே எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு வந்துவிடும். சுனாமி அன்றைக்கு யார் எங்கே இருந்தோம் என்று ஆரம்பித்து ராஜீவ் காந்திக்குப் போகும், அங்கிருந்து இந்திரா காந்திக்கு. வயதானவர்கள் யாராவது உட்கார்ந்திருந்தால் 1948 ஜனவரி 30 வரைக்கும் போகும்.

பல வருஷமாகக் கேட்டதில் ஒன்று கவனித்தேன். எல்லாரும் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். "கொல்லையில் துணி காயப்போட்டுட்டிருந்தேன், பக்கத்து வீட்டு அண்ணன் ஓடி வந்து சொன்னாரு" என்பதோடு சரி. அதற்கப்புறம்? யார் கடையைச் சாத்தினார்கள், யார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள், வீட்டில் உலை வைத்தார்களா இல்லையா, யாரைத் தேடிப் போனார்கள்? எனக்கு அதுதான் வேண்டும். ஆகவே மூன்று கேள்வி வைக்கிறேன். எங்கே இருந்தீர்கள், செய்தி எந்த வழியாக வந்தது, அடுத்த ஒரு மணி நேரம் என்ன செய்தீர்கள்.

நானே ஆரம்பிக்கிறேன். 1984 அக்டோபர் 31, புதன்கிழமை. திருவையாறு பக்கம், ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். மத்தியானம் திடீரென்று மணி அடித்து வீட்டுக்குப் போகச் சொன்னார்கள், காரணம் சொல்லவில்லை. கடைத்தெருவுக்கு வந்தால் டீக்கடை ரேடியோவில் பாட்டு இல்லை, வெறும் வாத்தியம் இழுத்துக்கொண்டிருக்கிறது. அப்போது எம்.ஜி.ஆர். உடம்பு முடியாமல் சென்னை ஆஸ்பத்திரியில் இருந்த நேரம். அந்த வாத்தியத்தைக் கேட்டதும் அவருக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று எல்லாரும் முடிவு செய்துவிட்டார்கள். ரோட்டிலேயே பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். கொஞ்ச நேரம் கழித்து பிபிசி கேட்கிற ஒருவர் வந்து, "அவர் இல்லை, இந்திரா அம்மாவைச் சுட்டுட்டாங்க" என்றார். காலை 9 மணி தாண்டியதும் சுட்டிருக்கிறார்கள். ஆகாசவாணி அவர் இறந்துவிட்டதை முறையாகச் சொன்னது சாயங்காலம் 6 மணிக்கு. நடுவில் இருந்த அத்தனை நேரமும் ஊர் வதந்தியில்தான் இருந்தது.

மூன்றாவது கேள்விக்கு என் அப்பாதான் பதில். அவர் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். சம்பா நடவு முடிந்து மேலுரம் போடுகிற சமயம், வெளியூரிலிருந்து மாட்டுவண்டி கட்டிக்கொண்டு யூரியா வாங்க வந்து நிற்கிறார்கள். கடைத்தெரு முழுக்க ஷட்டர் இறங்குகிறது. அப்பா முன்கதவைச் சாத்திவிட்டுப் பின்கதவு வழியாக அத்தனை பேருக்கும் மூட்டையை எடை போட்டுக் கொடுத்து, "மெயின் ரோட்டில் போகாதீங்க, ஆற்றங்கரையோடு போங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டுத்தான் சங்கத்தைப் பூட்டினார். அப்புறம் வீட்டுக்கு வந்து அழுதார். அவர் காங்கிரஸ்காரர்.

---

பழைய தபால்காரர்

சகோதரி, நல்ல கேள்வி. எனக்கும் அதே நாள்தான் முதலில் வருகிறது.

நான் அப்போது நன்னிலம் பக்கத்தில் ஒரு சின்ன தபால் ஆபீஸில் இருந்தேன். போன் இருந்த ஆபீஸ். எக்ஸ்சேஞ்சில் இருந்தவர்களுக்கு மத்தியானத்துக்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது. ஊருக்குத் தெரிந்தபோது டெல்லிக்கு டிரங்கால் போட வரிசை நின்றது. நம் பக்கத்துப் பிள்ளைகள் அங்கே எத்தனை பேர் மத்திய சர்க்கார் வேலையில் இருந்தார்கள் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒரு லைனும் கிடைக்கவில்லை. "புக் பண்ணியிருக்கிறேன், வந்தால் ஆள் அனுப்புகிறேன்" என்று ஒவ்வொருவருக்கும் சொல்லி அனுப்பினேன். ராத்திரி வரைக்கும் ஒரு கிழவி மட்டும் திண்ணையை விட்டு எழுந்திருக்கவில்லை.

அந்த அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மகனிடமிருந்து கடிதம் வர ரொம்ப நாள் ஆயிற்று. நான்தான் பிரித்துப் படித்தேன். மேல்மாடியில் குடியிருந்த சர்தார்ஜி குடும்பத்தை மூன்று நாள் தன் அறையில் வைத்துப் பூட்டி, வெளியே இருந்து தாளிட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்ததாக எழுதியிருந்தான். "அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டாம், பயப்படுவாள்" என்று கடைசியில் ஒரு வரி. அந்த வரியையும் சேர்த்துப் படித்துவிட்டேன். கிழவி பயப்படவில்லை. "சாப்பாடு என்ன பண்ணினானாம் அத்தனை பேருக்கும்?" என்று கேட்டது.

டெல்லியில் மட்டும் 2,733 சீக்கியர்கள் கொல்லப்பட்டார்கள் என்று அரசுக் கணக்கே பின்னால் வந்தது. நம் ஊரில் அக்டோபர் 31 என்றால் ரேடியோவில் கேட்ட வாத்தியத்தைத்தான் சொல்கிறார்கள். நவம்பர் 1, 2, 3 யாருக்கும் ஞாபகம் இல்லை. எனக்கு அந்த இன்லேண்ட் லெட்டர் ஞாபகம் இருக்கிறது.

---

வெட்டாறு

1991 மே 21 பற்றி யாராவது எழுதுவார்கள் என்று பார்த்தேன். நாங்கள் பாபநாசம் பக்கம். செய்தி நடு ராத்திரிக்கு மேல் வந்தது, போலீஸ் ஸ்டேஷனில் வேலை பார்த்த ஒருவர் மூலமாக. எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் இரண்டாவதாக ஒரு கவலையும் இருந்தது. எங்கள் பக்கத்துக் காங்கிரஸ் தலைவர் மூப்பனார் ஐயா அன்றைக்கு ஸ்ரீபெரும்புதூரில்தான் இருந்தார். அவர் ஊரான கபிஸ்தலத்தில் பெரிய வீட்டு வாசலில் விடிய விடியக் கூட்டம். அவருக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் ஜனங்கள் ராஜீவ் காந்திக்காக அழ ஆரம்பித்தார்கள்.

---

மாயவரத்தாள்

நான் அந்த ராத்திரி பஸ்ஸில் இருந்தேன். சென்னையில் படித்துக்கொண்டிருந்தேன், லீவுக்குச் சித்தியோடு ஊருக்கு வருகிறேன். பாரிமுனையில் ஏறினோம். திண்டிவனம் வருவதற்கு முன்னால் எதிரே வந்த லாரிக்காரர் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டு நிறுத்தினார். டிரைவர் கண்ணாடியை இறக்கினார். லாரிக்காரர் சொன்னது எனக்கு முழுசாகக் கேட்கவில்லை, "ராஜீவ்" என்பதும் "பாம்" என்பதும் மட்டும் காதில் விழுந்தது.

எங்கள் டிரைவர் ஐம்பது வயதிருக்கும், கும்பகோணத்துப் பக்கத்து ஆள். ஒரு வார்த்தை பேசாமல் கொஞ்ச தூரம் ஓட்டி, மெயின் ரோட்டிலிருந்து ஒரு கிராமத்துப் பாதையில் திருப்பினார். ஏரிக்கரை ஓரம் புளிய மரத்துக்குக் கீழே நிறுத்தி உள் விளக்கு, வெளி விளக்கு எல்லாவற்றையும் அணைத்தார். அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார். "விடிகிற வரைக்கும் வண்டி நகராது. யாரும் பீடி கூடப் பற்ற வைக்கக் கூடாது" என்றார்.

பின் சீட்டில் கறுப்பு சிவப்புக் கரை வேட்டி கட்டிய தி.மு.க.காரர் ஒருவர் இருந்தார். தேர்தல் பிரச்சாரத்துக்குப் போய்விட்டுத் திரும்புகிறார் போலிருக்கிறது. அவர் எதுவும் கேட்கவில்லை. முன் சீட்டிலிருந்த கதர்ச் சட்டைக்காரர் தானாக எழுந்து பெட்டியைத் திறந்து தன் லுங்கியை எடுத்துக் கொடுத்தார். அவரும் அழுதுகொண்டேதான் கொடுத்தார். சித்தி அந்தக் கரை வேட்டியை வாங்கிச் சுருட்டி என் துணிப்பைக்கு அடியில் வைத்துவிட்டாள். மறுநாள் வழியில் எரிந்த கொடிக்கம்பங்களையும் உடைந்த கண்ணாடிகளையும் பார்த்தபோது டிரைவர் என்ன செய்திருக்கிறார் என்று புரிந்தது. தமிழ்நாட்டில் தேர்தலே ஜூன் 15-க்குத் தள்ளிப்போயிற்று.

அந்த டிரைவர் பேரை நாங்கள் யாரும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. இந்த இழையை யாராவது பார்த்து, "அது எங்கள் அப்பா" என்று சொன்னால் நன்றாக இருக்கும்.

---

அரசலாறு

இரண்டு நாளாக எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன். 2004 ஜூலை 16. கும்பகோணம் பள்ளித் தீ.

எனக்குப் பாத்திரக்கடை. அன்றைக்கு ஆடி வெள்ளி, கூட்டம் கோயில் பக்கம் இருந்தது. பத்தரை மணி தாண்டியிருக்கும், புகை தெரிந்தது. குப்பை எரிக்கிறார்கள் என்று ஒருவர் சொன்னார். அடுத்த நிமிஷம் ஒரு ஆட்டோக்காரர் "காசிராமன் தெரு, ஸ்கூல்" என்று கத்திக்கொண்டே போனார். கடையைத் திறந்து போட்டுவிட்டு ஓடினேன்.

அங்கே பார்த்ததை எழுத மாட்டேன். அது அந்த 94 குழந்தைகளின் அப்பா அம்மாவுக்குச் சொந்தமானது. காரணத்தை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் வெளியூர்க்காரர்கள் பாதிப் பேருக்கு அது தெரியாது. சத்துணவு சமைக்கிற இடத்திலிருந்து பற்றிய தீ. வகுப்புக்கு மேலே கீற்றுக்கூரை. ஒரே கட்டடத்தில் அளவுக்கு மீறின பிள்ளைகள். மேல்மாடியிலிருந்து இறங்க ஒரு குறுகலான படிக்கட்டு. ஜன்னலில் கம்பி. இதில் எந்த ஒன்று இல்லாமல் இருந்திருந்தாலும் கணக்கு குறைந்திருக்கும்.

அக்கா கேட்ட மூன்றாவது கேள்வி. ஆஸ்பத்திரியில் வாழை இலை கேட்டார்கள். தீப்பட்ட உடம்பைத் துணியில் கிடத்த முடியாது, ஒட்டிக்கொள்ளும். நானும் இன்னும் இரண்டு பேரும் மார்க்கெட்டுக்கு ஓடினோம். இலைக்கடைக்காரர்கள் விற்கக் கட்டி வைத்திருந்த கட்டுகளை அப்படியே தூக்கிக் கொடுத்தார்கள். ஒருவரும் காசு என்ற வார்த்தையை எடுக்கவில்லை. தலை இலையும் ஏடும் பார்க்காமல் அள்ளிக்கொண்டு வந்தோம். சாயங்காலம் வரைக்கும் அதே வேலை. கடைக்குத் திரும்பியபோது ராத்திரி ஆகிவிட்டது. ஒரு கரண்டி கூடக் காணாமல் போகவில்லை.

அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் பள்ளிக்கூடங்களின் கீற்றுக்கூரையைப் பிரித்தார்கள். 2009-இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்கப் பள்ளிகளுக்குத் தீப் பாதுகாப்பு கட்டாயம் என்று தீர்ப்புச் சொன்னதற்கும் இந்த நாள்தான் காரணம். ஒவ்வொரு ஜூலை 16-ம் பெற்றோர்கள் அந்தப் பள்ளி வாசலில் படங்களை வைத்து, பிள்ளைக்குப் பிடித்த தின்பண்டத்தை வைத்துக் கும்பிடுகிறார்கள். பாலக்கரையில் நினைவிடம் இருக்கிறது. கும்பகோணம் வருகிறவர்கள் மகாமகக் குளம் பார்க்கிறீர்கள், டிகிரி காபி குடிக்கிறீர்கள், பாலக்கரையில் ஐந்து நிமிஷம் நில்லுங்கள்.

---

குடமுருட்டிக்கரை

தம்பி, எழுதியதற்கு நன்றி. பார்த்ததை எழுத மாட்டேன் என்று சொன்னீர்களே, அது சரிதான். யாரும் அதைக் கேட்டு அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

---

கீழத்தஞ்சை (இப்போது ஷார்ஜா)

சுனாமி அன்றைக்கு நான் இங்கேதான், எட்டுப் பேர் இருக்கிற அறையில். ஆறு பேர் நாகை, காரைக்கால் பக்கம். டிவியில் ஊர் பேர் ஓடுகிறது. வேளாங்கண்ணி, அக்கரைப்பேட்டை, தரங்கம்பாடி, பட்டினச்சேரி. ஒவ்வொரு பேர் வரும்போதும் அறையில் ஒருவன் எழுந்து நிற்கிறான். போன் போகவில்லை. கார்டு தீரத் தீரப் புதுசு வாங்கினோம், ரிங் கூடப் போகவில்லை. திருவாரூரில் என் மாமா வீட்டு லேண்ட்லைன் மட்டும் எப்படியோ கிடைத்தது. மாமாவிடம் ஆறு பேருடைய வீட்டு விலாசத்தையும் சொன்னோம். அவர் டிவிஎஸ் 50-ஐ எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு வீடாகப் பார்த்துவிட்டு வந்து மறுநாள் சொன்னார். ஐந்து வீட்டுக்கு நல்ல செய்தி.

ஆறாவது ஆளுக்கு டிக்கெட் போட அறையில் இருந்த எல்லாரும் சம்பளத்தைக் கொடுத்தோம். வேறு எதுவும் எங்களால் செய்ய முடியவில்லை.

---

நாகை வடக்குத் தெரு

எல்லாருடையதையும் படித்தேன். நான் எங்கே இருந்தேன் என்று கேட்டால் ஒரு வரிதான். கீச்சாங்குப்பத்தில், என் வீட்டில். என் குடும்பத்தைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

செய்தி எந்த வழியாக வந்தது? எங்களுக்குச் செய்தி வரவில்லை. தண்ணீர்தான் வந்தது. இதை யாராவது திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். சுமத்ராவில் பூமி அதிர்ந்தது நம் நேரப்படி காலை 6.29. கார் நிக்கோபாரில் நம்முடைய விமானப்படைத் தளமே அடித்துக்கொண்டு போனது எங்களுக்கு முன்னால். நாகைக்கு அலை வந்தது 9 மணிக்கு முன்னே பின்னே. இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, மீன் வாங்க டவுன் ஜனமெல்லாம் கரையில். கிறிஸ்துமஸ் மறுநாள், வேளாங்கண்ணியில் எங்கெங்கிருந்தோ வந்த யாத்ரீகர்கள். ஒரு கோயில் மணியை அடித்திருந்தால் கூடப் போதும், ஓடியிருப்போம். எச்சரிக்கை மையம் ஹைதராபாத்தில் 2007-இல் வந்தது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேல் போன பிறகு.

மூன்றாவது கேள்வி. முதல் ஒரு மணி நேரம் எனக்கு ஞாபகம் இல்லை. அதற்கடுத்த நாட்கள் ஞாபகம் இருக்கிறது. நாகூரிலிருந்து ஜமாத் இளைஞர்கள் வந்தார்கள். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, இடிபாட்டுக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக எடுத்தார்கள். சொந்தக்காரர்களான எங்களாலேயே தொட முடியாததை அவர்கள் தொட்டார்கள். நாகூர் தர்காவுக்குச் சொந்தமான நிலத்தில் எந்த மதம் என்று பார்க்காமல் அடக்கம் செய்ய இடம் கொடுத்தார்கள். கத்தரிப்புலம், ஆயக்காரன்புலம் பக்கத்திலிருந்து எல்லாம் விவசாயிகள் சோற்றுப் பொட்டலம் கட்டி டிராக்டரில் கொண்டு வந்தார்கள். பழைய துணியாகக் குவித்து வைத்தவர்களும் உண்டு, அதை ரோட்டோரத்திலேயே விட்டுவிட்டோம். சோறு கொண்டு வந்தவர்களின் முகம் ஞாபகம் இருக்கிறது.

---

அரசலாறு

அண்ணே, உங்கள் பதிவைப் படித்ததும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. தீ விபத்தின்போது தஞ்சாவூர் கலெக்டராக இருந்த ஜெ. ராதாகிருஷ்ணனைத்தான் சுனாமிக்குப் பிறகு நாகைக்கு அனுப்பினார்கள். ஐந்து மாத இடைவெளியில் இரண்டையும் பார்த்த மனிதர். டெல்டாவுக்கு 2004 அப்படி ஒரு வருஷம்.

---

தோப்புத்துறைவாசி

வேதாரண்யம் பக்கத்திலிருந்து ஒரு விஷயம். எங்கள் வட்டத்தில் நாலுவேதபதி என்று ஒரு ஊர். 2002-இல் கின்னஸ் சாதனைக்காக ஒரே நாளில் 80,244 கன்று நட்ட ஊர். சுனாமி வந்தபோது அந்தத் தோப்பு வேகத்தை வாங்கிக்கொண்டது. அன்றைக்கு எங்கே இருந்தீர்கள் என்று அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால் "தோப்புக்கு இந்தப் பக்கம்" என்கிறார்கள். வடக்குப் பொய்கைநல்லூரில் மணல் மேடு இதே வேலையைச் செய்தது. மேட்டை வெட்டி மணல் அள்ளிய இடங்களில் என்ன ஆயிற்று என்பதையும் பார்த்தோம்.

அப்புறம் வயல். கதிர் பிடிக்கிற சம்பா, அதில் கடல் தண்ணீர் ஏறிக் கருகிப்போயிற்று. உவர் போக ஜிப்சம் போட்டு, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது மண்ணை மீட்டார்கள். மீனவர்கள் அளவுக்கு இல்லைதான், ஆனால் கரையோர விவசாயக் கூலிகள் கணக்கிலேயே வரவில்லை. படகு போனவருக்கு நிவாரணம் உண்டு. வேலை போனவருக்கு எந்தப் பத்தியில் எழுதுவது என்று அதிகாரிகளுக்கே தெரியவில்லை.

---

மாயவரத்தாள்

எல்லாரும் சீக்கிரம் எழுதி வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அதற்குக் காரணம் இருக்கிறது. நான் கல்லூரியில் உளவியல் பாடம் எடுக்கிறேன். 1977-இல் பிரவுன், குலிக் என்ற இரண்டு பேர், இந்த மாதிரி அதிர்ச்சிச் செய்தி கேட்ட நொடி மனத்தில் அப்படியே பதிந்துவிடுகிறது என்று எழுதினார்கள். அப்புறம் 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாளே நைசர் என்ற பேராசிரியர் மாணவர்களிடம், எங்கே இருந்தாய், யார் சொன்னார்கள் என்று கேட்டு எழுதி வாங்கி வைத்தார். இரண்டரை வருஷம் கழித்து அதே மாணவர்களைக் கேட்டால் பலருடைய கதை மாறியிருந்தது. ஆனால் எல்லாரும் அடித்துச் சொன்னார்கள். தங்கள் சொந்தக் கையெழுத்தைக் காட்டிய பிறகும் நம்பாதவர்கள் இருந்தார்கள்.

சுனாமி விஷயத்தில் இதை நான் கண்ணாலேயே பார்க்கிறேன். டிவியில் ஓடிய படங்கள் நிறைய தாய்லாந்திலும் ஆச்சேயிலும் எடுத்தவை. நீல நிறத்தில் எழும்பி வருகிற அலையை நாகப்பட்டினத்தில் பார்த்ததாக என்னிடம் சொன்னவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, மனம் இரண்டையும் சேர்த்துவிட்டது. கரையில் இருந்தவர்களைக் கேட்டால் கறுப்புத் தண்ணீர், சேறு, சத்தம் என்றுதான் சொல்கிறார்கள். நாகை அண்ணன் இருந்தால் சொல்லட்டும்.

---

நாகை வடக்குத் தெரு

கறுப்புத்தான். சத்தம் முதலில்.

---

கோரையாறு

ஒரு கேள்வி. கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்திரா காந்தி, ராஜீவ் காந்தி, சுனாமி, பள்ளித் தீ எல்லாம் எழுதினீர்கள். 1968 டிசம்பர் 25 ராத்திரி எங்கே இருந்தோம் என்று ஏன் யாரும் எழுதவில்லை? கீழ்வெண்மணி நம் டெல்டாவில்தானே இருக்கிறது? கூலியாகக் கொஞ்சம் நெல் கூட்டிக் கேட்டதற்காக ஒரு குடிசைக்குள் வைத்து 44 பேரை எரித்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். என் பாட்டி அடுத்த ஊர். அவள் எங்கே இருந்தாள் என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும், வருஷா வருஷம் சொல்வாள். உங்கள் வீடுகளில் அந்த நாளைப் பற்றிப் பேச்சு வந்ததா?

---

வெட்டாறு

தம்பி, இந்த இழை தேசத் துயரம் பற்றியது. நீங்கள் சொல்வது வேறு பிரச்சினை. அது சாதி, அரசியல் என்று போய் இழை வேறு பக்கம் திரும்பிவிடும். தனி இழை ஆரம்பிக்கலாமே.

---

கோரையாறு

94 குழந்தைகள் தேசத் துயரம், 44 பேர் வேறு பிரச்சினையா ஐயா? இரண்டும் கீற்றுக்கூரைதான். இரண்டிலும் வெளியே வர வழியில்லை. ஒன்றில் தீ தானாகப் பற்றியது, இன்னொன்றில் வைத்தார்கள். வைத்ததால் துயரம் இல்லை என்று ஆகிவிடுமா?

---

குடமுருட்டிக்கரை

வெட்டாறு அண்ணா, உங்கள் மீது மரியாதை உண்டு. ஆனால் இந்த இழையை ஆரம்பித்தவள் என்ற முறையில் சொல்கிறேன், வெண்மணி இங்கேதான் இருக்க வேண்டும். தம்பி கேட்ட பிறகுதான் யோசித்துப் பார்த்தேன். எங்கள் வீட்டில் 1948 வரைக்கும் பின்னால் போகிறோம், 1968-ஐ மட்டும் தாண்டிக் குதித்துவிடுகிறோம். அடுத்த பிப்ரவரியில் முதல்வர் அண்ணா மறைந்த நாளை எல்லாரும் சொல்கிறார்கள். அதற்கு ஆறு வாரம் முன்னால் நடந்தது யாருக்கும் ஞாபகம் இல்லை என்றால் அது மறதி இல்லை. பெரியவர்கள் யாராவது எழுதுங்கள்.

---

பழைய தபால்காரர்

எழுதுகிறேன். எனக்கு அப்போது பதினாலு வயது. வெண்மணியிலிருந்து சில மைல் தள்ளி எங்கள் ஊர். நிலம் உள்ள குடும்பம். மறுநாள் காலையில் செய்தி வந்தது, சைக்கிளில் பால் கொண்டு வருகிறவர் மூலமாக. அவர் வாசலில் நின்று சொன்னதை அம்மா கேட்டாள், நானும் கேட்டேன். அம்மா பால் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த ஒரு மணி நேரம் எங்கள் தெருவில் எல்லாக் கதவும் மூடியிருந்தது. ஒருவர் வீட்டுக்கு இன்னொருவர் போகவில்லை. வழக்கமாக வேலைக்கு வருகிறவர்கள் அன்றைக்கு வரவில்லை, யாரும் ஆள் அனுப்பிக் கூப்பிடவும் இல்லை. மாட்டுக்கு நான் தண்ணீர் காட்டினேன்.

அப்பா முந்தின ராத்திரி வீட்டில் இல்லை. எங்கே போயிருந்தார் என்று பெரியவன் ஆன பிறகு இரண்டு தடவை கேட்டேன். முதல் தடவை எழுந்து போய்விட்டார். இரண்டாவது தடவை, "கச்சேரிக்குப் போயிருந்தேன்" என்றார். எந்த ஊர்க் கச்சேரி, யார் பாடினார்கள் என்று கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவர் போய் இப்போது ரொம்ப வருஷம் ஆகிறது. நாகை கோர்ட்டில் தண்டனை கொடுத்தார்கள், பிறகு உயர் நீதிமன்றம் விடுதலை செய்துவிட்டது. எங்கள் தெருவில் அன்றைக்கும் யாரும் எதுவும் பேசவில்லை.

வெட்டாறு சார், நீங்கள் சொன்னதில் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் நானே எழுதிவிட்டேன். தனி இழை வேண்டாம்.

---

வெட்டாறு

படித்தேன் ஐயா. சரி. இங்கேயே இருக்கட்டும்.

---

கோரையாறு

ஐயா, நன்றி. பாட்டிக்கு இதை வாசித்துக் காட்டினேன். "அந்தப் பால்காரர் எங்க ஊர்தான், அவர்கிட்ட சொன்னதே நாங்கதான்" என்கிறாள். அவளுக்கு அவர் பேர், வீடு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. உங்களோடு போனில் பேச வேண்டுமாம். தனிச் செய்தியில் எண் அனுப்புகிறேன்.

---

தென்னந்தோப்பு

புதிதாகச் சேர்ந்திருக்கிறேன், பேராவூரணி பக்கம். 2018 நவம்பர் 16, கஜா புயல். எங்கே இருந்தேன் என்றால், வீட்டுக்குள் கட்டிலுக்கு அடியில், பிள்ளைகளோடு. செய்தி முன்கூட்டியே வந்தது, அதனால்தான் உயிரோடு இருக்கிறோம். நாகை அண்ணன் சொன்னதை வைத்துப் பார்த்தால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிகிறது. விடிந்ததும் அரிவாளும் ரம்பமும் எடுத்துக்கொண்டு ரோட்டில் விழுந்த தென்னையை அறுத்து ஒதுக்கினோம், ஆம்புலன்ஸ் போக வேண்டுமே. மதியம்தான் எங்கள் தோப்பைப் போய்ப் பார்த்தோம். நின்றது மிகக் கொஞ்சம். தென்னை வைத்தால் காய்க்க ஐந்தாறு வருஷம் ஆகும், வைத்த அப்பாவுக்கு எழுபது வயது. கம்பம் நட கேரளாவிலிருந்து மின்வாரிய ஆட்கள் வந்தார்கள், எங்கள் பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். அவர்களுக்குச் சமைத்துப் போட்டது எங்கள் தெருப் பெண்கள். கரண்ட் வந்த அன்றைக்கு அவர்களை விட மனசில்லை.

இது தேசத் துயரத்தில் சேருமா என்று தெரியாது, எழுதிவிட்டேன்.

---

குடமுருட்டிக்கரை

சேரும்.

எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள். இந்த இழையில் வந்ததையெல்லாம் ஊர் வாரியாகத் தொகுக்கலாம் என்று நினைக்கிறேன். மாயவரத்தாள் உதவுவதாகச் சொல்லியிருக்கிறார். எழுதும்போது நான்கு விஷயம் மறக்காமல் போடுங்கள்: ஊர், தேதி, ஏறக்குறைய எத்தனை மணி, யார் மூலமாகத் தெரிந்தது. டிவியில் பார்த்தது என்றால் டிவியில் பார்த்தது என்றே எழுதுங்கள். உயிரோடு இருப்பவர்கள் பேரை அவர்களைக் கேட்காமல் போட வேண்டாம். குழந்தைகள் பேர் வேண்டவே வேண்டாம்.

தட்டச்சு தெரியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால் போனில் பதிவு செய்து அனுப்புங்கள், நான் உட்கார்ந்து அடித்துத் தருகிறேன். கோரையாறு தம்பி, பாட்டியிடமிருந்து ஆரம்பிக்கலாமா? ஞாயிற்றுக்கிழமை எனக்கு வசதி.